கேபிளை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங்: செட்டிநாட்டு வீட்டுக்கு எது சரிப்படும்?

கோட்டையூர்_இளையவன்

வணக்கம். கோட்டையூர் வீட்டில் அப்பச்சி, ஆத்தா இரண்டு பேர்தான். கேபிளுக்கு மாதம் 280 ரூபாய். ஃபைபர் நெட் தனியாக ஓடுகிறது, 399 பிளான், 30 எம்பிபிஎஸ். இரண்டுக்கும் எதற்குக் கட்ட வேண்டும், கேபிளை எடுத்துவிடலாம் என்று யோசனை.

பார்ப்பது இவ்வளவுதான்: சாயந்திரம் சன் டிவி சீரியல், விஜய், ஜீ தமிழ், செய்தி, காலையில் டிடி தமிழ், அப்புறம் ஊர் கேபிள்காரர் ஓட்டும் லோக்கல் சேனல். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனியும் அதில் நேரலையாக வரும். அது இல்லாமல் முடியாது.

வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) ஒரு ஸ்மார்ட் டிவி. மூன்றாங்கட்டில் (வீட்டின் பின்பகுதி) ஒரு பழைய டிவி, ஸ்மார்ட் கிடையாது. ரவுட்டர் முகப்பில் (வாசல் பக்க முன்பகுதி) இருக்கிறது. வளவு டிவியில் யூடியூப் நின்று நின்று ஓடுகிறது, மூன்றாங்கட்டுக்கு வைஃபை எட்டவே இல்லை. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் அவர்கள் சென்னை போய்விடுவார்கள், வீடு பூட்டிக் கிடக்கும்.

எல்லாச் சேனலும் ஒரே இடத்தில் வருகிற மாதிரி எதை வாங்கலாம்?

ஃபைபர்_மாமா

தம்பி, ஒரே ஆப்பில் எல்லாம் வராது. சன், விஜய், ஜீ மூணு கம்பெனியும் அவங்கவங்க சரக்கை அவங்கவங்க கடையிலதான் வச்சிருக்காங்க.

சன் டிவி, கே டிவி, சன் மியூசிக், ஆதித்யா வேணும்னா சன் நெக்ஸ்ட். இதுல சேனல் நேரலையாவே ஓடும், பழைய எபிசோடும் இருக்கும். விஜய், கலர்ஸ் தமிழ் ரெண்டும் இப்ப ஜியோஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரியில ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒண்ணா சேர்ந்து வந்தது அது. அங்க சீரியலைப் பெரும்பாலும் எபிசோடாத் தேடிப் போடணும், கேபிள் மாதிரி சேனல் வச்சுட்டு உட்கார்ந்துக்கலாம்னு நம்பிப் பணம் கட்டாதீங்க. ஜீ தமிழ் நிகழ்ச்சி ஜீ5-ல.

செய்திக்கு ஒரு பைசா வேண்டாம். புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், சன் நியூஸ், நியூஸ்7 எல்லாம் யூடியூப்ல 24 மணி நேரமும் நேரலை. டிடி தமிழுக்கு (2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு இருந்ததுதான்) பிரசார் பாரதியோட வேவ்ஸ் ஆப் போதும், அதுவும் இலவசம்.

ஊர் லோக்கல் சேனல் இந்த மாதிரி எந்த ஓடிடி ஆப்லயும் கிடையாது. அது கேபிள்காரர் தன்னோட கட்டுப்பாட்டு அறையில இருந்து தன் லைன்ல மட்டும் ஏத்தி விடுறது. லைனை எடுத்தா அதுவும் போச்சு.

பணக் கணக்கு: நெட் இல்லாத வீட்டுக்கு கேபிளை எடுத்துட்டு நெட் போடுறது நஷ்டம். 399-ன்னு போட்டிருந்தா 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கையில இருந்து 471 போகும், அதுக்கு மேல ஆப் சந்தா. உங்க வீட்ல நெட் ஏற்கெனவே இருக்கிறதால, சந்தா மட்டும்தான் புதுச் செலவு. மூணு ஆப்பும் வருஷச் சந்தாவா போட்டு பன்னிரண்டால வகுத்துப் பாருங்க, 280-க்குக் கீழ வந்தா லாபம். மாசச் சந்தாவா கட்டினா பெரும்பாலும் லாபம் நிக்காது.

இன்னொண்ணு. "வருஷம் ஐநூறு ரூபா, எல்லாச் சேனலும்"னு வாட்ஸ்அப்ல வர்ற ஐபிடிவி லிங்க் பக்கம் போகாதீங்க. திருட்டு ஒளிபரப்பு அது. பெரிய மேட்ச் அன்னைக்குத்தான் லிங்க் செத்துப்போகும், பணத்தைக் கேட்க ஆள் இருக்காது. அந்த ஆப்பை டிவியில ஏத்த "தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி"ன்னு ஒண்ணைத் திறந்து விடச் சொல்வாங்க, அதே வாசல் வழியா வேறென்ன வேணா உள்ள வரலாம்.

வளவுக்கட்டு

எந்தச் சேவை என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வைஃபையைச் சரி செய்யுங்கள். இல்லையென்றால் எதை வாங்கினாலும் சக்கரம்தான் சுற்றும்.

நம்ம பக்கத்து வீடு நீளவாக்கில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை ஓடும். முகப்புக்கும் வளவுக்கும் நடுவில் ஒன்றரை அடிச் செங்கல் சுவர், தேக்குக் கதவு, அதில் இரும்புப் பட்டை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதைத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனால் நொண்டிக்கொண்டு வரும். வளவுக்கு வந்துவிட்டால் கவலையில்லை, திறந்த வானவெளி என்பதால் சுற்றி நான்கு பத்தியிலும் (தாழ்வாரம்) நன்றாகவே பரவும். ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: சுவரில் மாட்டியிருக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடி. பின்னால் உலோகப் பூச்சு இருப்பதால் அலையைத் திருப்பி அடிக்கும். ரவுட்டரையோ டிவியையோ அதற்கு நேர் பின்புறம் வைக்காதீர்கள்.

வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்க வேண்டாம். அது பலவீனமான சிக்னலை வாங்கிப் பலவீனமாகவே திருப்பி அனுப்பும், வேகமும் பாதியாகும். செய்ய வேண்டியது கம்பி இழுப்பது.

கேட் 6 நெட்வொர்க் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், வளைத்தால் உள்ளே முறியும். ஒரே இழுப்பாக 100 மீட்டர் வரை போகலாம். முகப்பிலிருந்து வளவுக்கு 25, அங்கிருந்து மூன்றாங்கட்டுக்கு இன்னொரு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கயிறு பிடித்து அளந்து, 5 மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். வளவு ஓரமாக வெயில் படும் இடத்தில் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள்தான் தாங்கும்.

சுவரைத் துளைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ட்ரில் வைத்தால் ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலம் பெயர்ந்து வரும். சிமென்ட் வைத்து அடைத்தால் பிடிக்காது, அடுத்த மழைக்குத் திட்டாகத் தெரியும். கதவு நிலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக இழுத்து, உத்திரத்தின் மேல்புறம் படுக்க வைத்துக் கொண்டுபோனால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கே படாது.

மறுமுனையில் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் இருந்தால் அதையே போடலாம். அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி-யை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள்: முதலாவது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. கம்பியை வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் (LAN) துளையில் செருகுங்கள். இந்த ஒரு துளை மாறிப்போய்த்தான் பாதிப் பேர் "வைஃபை காட்டுது, நெட் வரல" என்று எழுதுகிறார்கள்.

டிவியில் லேன் துளை இருந்தால் டிவிக்கு நேராகவே கம்பியைக் கொடுத்துவிடலாம், அதுதான் உத்தமம். கோடை மழையில் இடி இடித்தால் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். வளவு ஓரமாகப் போகும் நீளக் கம்பியில் மின்னல் அதிர்வு ஏறினால் துளை மட்டுமல்ல, டிவி போர்டே போகும்.

கோட்டையூர்_இளையவன்

ரொம்ப நன்றி. கம்பி வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். ஆனால் ஆத்தாவுக்கு ஆப் திறந்து, தேடி, எபிசோட் போடுவதெல்லாம் ஆகாது. ரிமோட்டில் நம்பர் அழுத்தினால் சேனல் வர வேண்டும். அதற்கு வழி உண்டா?

ஆறாவயல்_ஆச்சி

அதுக்குத்தான் ஐபிடிவி இருக்கு தம்பி. மாமா சொன்ன திருட்டு லிங்க் இல்ல, இது முறையானது. ஆப் வேற, இது வேற. நெட் குடுக்கிற கம்பெனியே அந்த ஃபைபர் வழியா சேனலையும் குடுக்கிறது. சேனல் வரிசை, நம்பர், மேல கீழ பட்டன் எல்லாம் கேபிள் மாதிரியே இருக்கும்.

பிஎஸ்என்எல் 2024 கடைசியில ஐஎஃப்டிவி-ன்னு ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுலயும் மத்தியப் பிரதேசத்துலயும்தான் முதல்ல விட்டாங்க. பார்க்கிறது டேட்டா கணக்குல சேராது. ஆண்ட்ராய்டு டிவி 10-ஆம் பதிப்பாவது இருக்கணும். ஏர்டெல் 2025 மார்ச்சுல நெட்டோட சேர்த்து ஐபிடிவி பிளான் கொண்டாந்தது, அப்ப 699-ல ஆரம்பம். ஜியோ ஃபைபர், ஏர்ஃபைபர் வச்சிருக்கிறவங்களுக்கு ஜியோடிவி பிளஸ், அது 2024 ஆகஸ்ட்ல இருந்து பெட்டி இல்லாம ஆண்ட்ராய்டு டிவியிலயே ஏறுது. கைபேசியில இருக்கிற ஜியோடிவியும் இதுவும் ஒண்ணு இல்ல.

மூணுலயும் ஒரே எச்சரிக்கை: "500 சேனல், 800 சேனல்"ங்கிற எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. அதுல முக்கால்வாசி நமக்குப் புரியாத மொழி. உங்க பிளானோட பேர் சொல்லி, சன், கே டிவி, விஜய், ஜீ தமிழ் நாலும் இந்த விலையிலயே இருக்கா, கூடக் கட்டணுமான்னு கேட்டு, பதிலை மெசேஜா வாங்கி வச்சுக்கங்க. இலவசச் சேனல் எல்லாம் வரும், கட்டணச் சேனல்தான் சிக்கல். அதுவும் இடையில உடன்படிக்கை மாறினா சேனல் வரும், போகும்.

ஆப் வழியாத்தான் போகணும்னா நாலு பொறி இருக்கு.

ஜியோஹாட்ஸ்டாருல மொபைல் பிளான்னு ஒண்ணு விலை குறைவா முதல்ல கண்ணுல படும். ஆரம்பிச்சப்ப 3 மாசம் 149. அது ஒரே ஒரு கைபேசியில மட்டும்தான் ஓடும், டிவியில ஓடாது. டிவிக்கு அதுக்கு மேல உள்ளதுதான். அப்ப சூப்பர் 3 மாசம் 299, ரெண்டு கருவி. கட்டுறப்ப விலையைச் சரி பார்த்துக்கங்க, மாறிக்கிட்டே இருக்கு.

கணக்கை யார் நம்பர்ல திறக்கிறீங்கங்கிறது அடுத்தது. சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்கிற பிள்ளை நம்பர்ல திறந்துட்டா, டிவி லாக்அவுட் ஆகுற அன்னைக்கு ஓடிபி அங்க போகும், அங்க அப்ப ஆபீஸ் நேரமா இருக்கும். அப்பச்சி நம்பர்லயே திறங்க.

மூணாவது, விலை மலிவான டிவி. மேல "ஸ்மார்ட்"னு ஒட்டியிருக்கும், உள்ள பிளே ஸ்டோர் இருக்காது, கூகுள் சான்று வாங்காத ஆண்ட்ராய்டா இருக்கும். அதுல ஆப் ஏறினாலும் படம் மங்கலாத்தான் வரும். வைட்வைன்ங்கிற நகல் தடுப்புப் பூட்டோட எல்1 பாதுகாப்பு இல்லாத கருவிக்கு எச்டி படம் அனுப்ப மாட்டாங்க, எல்3-ன்னா சாதாரணத் தரம்தான். நெட் ஸ்லோன்னு நினைச்சு ஆளுக்கு மேல ஆள் கூப்பிடுவாங்க, நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த டிவியைத் தூக்கிப் போட வேண்டாம், எச்டிஎம்ஐ துளையில ஆப் ஓட்டுற ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினா போதும்.

நாலாவது அந்த ஸ்டிக்குக்குக் கரண்ட். டிவி பின்னாடி இருக்கிற யுஎஸ்பி துளையில இருந்து எடுக்காதீங்க. பழைய டிவியில அது அரை ஆம்பியர்தான் தரும், சீரியல் நடுவுல ஸ்டிக் அணைஞ்சு அணைஞ்சு திரும்ப வரும். கூட வந்த அடாப்டரையே பிளக் பாயிண்ட்ல போடுங்க.

ஆத்தாவுக்கு ரிமோட் பழக்க: முகப்புத் திரையில இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு சன் நெக்ஸ்ட், யூடியூப், ஜீ5, ஜியோஹாட்ஸ்டார் நாலு படத்தை மட்டும் முதல் வரிசையில இந்த வரிசையிலயே வைங்க. யூடியூப்ல செய்திச் சேனல் மூணை சப்ஸ்கிரைப் பண்ணி வச்சா தேட வேண்டாம். ரிமோட்ல ஓகே பட்டன்லயும் திரும்பிப் போற பட்டன்லயும் மட்டும் ஒரு துண்டு துணி பிளாஸ்திரி ஒட்டி விடுங்க. கண்ணாடி போடாமலே விரலுக்குத் தெரியும். மைக் பட்டனை அமுக்கித் தமிழ்ல சேனல் பேர் சொன்னாலும் யூடியூப் புரிஞ்சுக்கும். நம்ம ஊர்ப் பேச்சுக்குத்தான் சில நேரம் முழிக்கும்.

டிஷ்_ஆண்டனா

எல்லாரும் கேபிளை எடுக்கறதிலேயே நிக்கிறீங்க. லோக்கல் சேனல் இல்லாம முடியாதுன்னு கேள்வியிலயே எழுதியிருக்கார். அப்ப கேபிளைக் குறைக்கிறதுதான் வழி.

280-ல என்னென்ன இருக்குன்னு பில்லைப் பிரிச்சுப் பாருங்க. அடிப்படைக் கட்டணம்னு ஒண்ணு, இலவசச் சேனல் எல்லாம் அதுக்குள்ள. 130 ரூபா, ஜிஎஸ்டி சேர்த்து 153-ங்கிறது நாம ரொம்ப நாளா பார்த்த கணக்கு. 2024-ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அந்த உச்சவரம்பை எடுத்துட்டதால இப்ப ஆளுக்கு ஆள் மாறும். மீதி எல்லாம் கட்டணச் சேனல் தொகுப்பு. உங்க கணக்குல அது 120 ரூபா சுமாருக்கு வரலாம். தொகுப்பை எடுத்துட்டு அடிப்படையும் சன் சேனலும் மட்டும் தனியா வைக்கச் சொல்லுங்க. லோக்கல் சேனல் அடிப்படையிலயே வரும். விஜய், ஜீ தமிழ் ரெண்டை மட்டும் ஆப்ல பாருங்க. ஆத்தாவுக்குப் பழைய ரிமோட்டே இருக்கும்.

பூட்டிக் கிடக்கிற மாசத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். 15 நாள் முன்னாடி எழுதிக் குடுத்தா இணைப்பைத் தற்காலிகமா நிறுத்தி வைக்கணும்னு டிராய் 2017 விதியிலயே இருக்கு. மாசக் கணக்குலதான் நிறுத்துவாங்க, பத்து நாள் பதினஞ்சு நாள்னு கேட்க முடியாது. வாயால சொன்னா மறந்துட்டேன்பாங்க, தேதி போட்டு மெசேஜா அனுப்புங்க. ஆப்புக்கு இந்தச் சலுகை கிடையாது, வருஷச் சந்தா கட்டிட்டா வீடு பூட்டியிருந்தாலும் நாள் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா அதே கணக்கைச் சென்னையில திறந்து பார்த்துக்கலாம், அது ஒரு வசதி.

மொட்டை மாடியில துருப்பிடிச்சு நிக்கிற கம்பி ஆன்டெனாவை யாராவது திரும்ப மாட்டலாமான்னு கேட்பாங்க. தூர்தர்ஷன் அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியாச்சு, கொடைக்கானல் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் வராது. டிடி ஃப்ரீ டிஷ் போட்டா மாசக் கட்டணம் இல்லாம டிடி தமிழ் வரும், ஆனா சன், விஜய், ஜீ தமிழ் அதுல இல்லை.

தனியார் டிடிஎச் போடலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில திரை கறுத்துப்போகும், அந்த அலைவரிசைக்குக் கனமழை ஆகாது, மழை விட்டதும் தானா வந்துடும். அதுக்காக ஆளைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்ப விடாதீங்க, திருப்பினாத்தான் நிஜமாவே கெடும். டிஷ் காலை ஓட்டுக் கூரையிலயோ சுண்ணாம்புத் தளத்திலயோ போல்ட் போட்டு இறுக்கினா ஒழுகும். கனமான சிமென்ட் பலகையில காலை இறுக்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமா வைக்கிறதுதான் சரி. குரங்கு வர்ற பக்கம்னா கேபிளைத் தொங்க விடாம குழாய்க்குள்ள விடுங்க.

ஃபைபர்_மாமா

டிஷ் சொல்றது நியாயம்தான், அடிப்படைக் கேபிளை வச்சுக்கிறது நல்ல யோசனை. நான் விட்டது ரெண்டு.

டேட்டா. எச்டி படம் 5 எம்பிபிஎஸ்னு வச்சா மணிக்கு 2.25 ஜிபி. ரெண்டு டிவி, நாளைக்கு ஆறு மணி நேரம்னா 27 ஜிபி, மாசம் 810. 3300 ஜிபி வரம்பு உள்ள பிளானுக்கு இது தூசு. சின்ன வரம்பு உள்ள மலிவுப் பிளானா இருந்தா மாசக் கடைசியில வேகம் 2, 4 எம்பிபிஎஸ்க்கு விழும், படம் கட்டம் கட்டமா உடையும். இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல மட்டும் நெட் மோசம்னு யாராவது சொன்னா இதுதான் காரணம். செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்கிறவங்க: நாளைக்கு 2 ஜிபி ஒரு மணி நேரத்துக்குக்கூடப் பத்தாது.

கரண்ட். பழைய செம்புக் கேபிள் லைன்ல வழி நெடுக ஆம்ப்ளிஃபையர் இருக்கும், தெருவுல கரண்ட் போனா உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தும் சேனல் வராது. ஃபைபர்ல வழியில லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். அனுப்புற இடத்திலயும் உங்க முகப்புப் பெட்டியிலயும் கரண்ட் இருந்தா போதும். அந்தப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட். அடாப்டர்ல ஆம்பியர் எவ்வளவுன்னு படிச்சு, அதுக்குக் குறையாத மினி யுபிஎஸ் வாங்குங்க. வளவுல இருக்கிற ரெண்டாவது ரவுட்டருக்கும் ஒண்ணு வேணும், அதை மறந்துடுவாங்க. மாசாமாசம் பராமரிப்புன்னு பகல் பூரா நிறுத்துற அன்னைக்குச் சின்ன யுபிஎஸ் தாங்காது, இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க.

பெட்டியில பான் (PON) விளக்கு பச்சையா நின்னு எரியணும். லாஸ் (LOS)னு எழுதின விளக்கு சிவப்பா மின்னினா ஃபைபர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல மடங்கியிருக்கு. எலி கடிச்சிருக்கும், இல்லன்னா யாராவது பெட்டியைச் சுவரோட தள்ளி மஞ்சள் கயிறு மாதிரி இருக்கிற அந்த ஒயர் நெறிஞ்சிருக்கும். ரவுட்டரை நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் சரியாகாது. முதல்ல ஒயரை நேராக்கிப் பாருங்க, அப்புறம் புகார் குடுங்க.

கோட்டையூர்_இளையவன்

அடிப்படைக் கேபிள் + சன், மற்றது ஆப் என்று முடிவு செய்கிறேன். மூன்றாங்கட்டு டிவியில் எச்டிஎம்ஐ இல்லை, சிவப்பு வெள்ளை மஞ்சள் துளைதான். ஸ்டிக் வேலை செய்யுமா? திருவிழா நேரலை யூடியூபில் வந்தால் வெளியூர்ப் பங்காளிகளுக்கும் அனுப்பலாம் என்று பார்க்கிறேன்.

ஆறாவயல்_ஆச்சி

வேலை செய்யும், நடுவுல ஒரு சின்னப் பெட்டி வேணும். கடையில "எச்டிஎம்ஐ டு ஏவி"ன்னு கேளுங்க. "ஏவி டு எச்டிஎம்ஐ"யும் பார்க்க அதே அளவு, அதே நிறம், அதைக் குடுத்துடுவாங்க, அது தலைகீழ். அந்தப் பெட்டிக்கும் தனியா கரண்ட் குடுக்கணும். சில மலிவுப் பெட்டியில ஆப் ஓடும்போது கறுப்புத் திரை வரும், யூடியூப் மட்டும் வரும். பதிப்புரிமைப் பூட்டை அது படிக்காததால வர்ற கோளாறு. அதனால திருப்பி எடுத்துக்கிற கடையில வாங்குங்க.

திருவிழா நேரலையைக் கேபிள்காரர் யூடியூப்ல விடுறாரான்னு கேளுங்க, இப்ப பல ஊர்ல விடுறாங்க. ஆனா கோயில் ஒலிபெருக்கியில சினிமாப் பக்திப் பாட்டு ஓடினா யூடியூப் அதைக் கண்டுபிடிச்சு நேரலையைப் பாதியில நிறுத்திடும், பால்குடம் வாசலுக்கு வர்ற நேரமா பார்த்துத்தான் நிக்கும். மைக்கை ஒலிபெருக்கிப் பக்கம் வைக்காம நாதஸ்வரம் பக்கம் வைக்கச் சொல்லுங்க. பங்காளிகளுக்கு லிங்க் அனுப்புறப்ப சேனல் முகப்பு லிங்க்கை அனுப்புங்க. அந்த நேரலைக்கான லிங்க்கை மட்டும் அனுப்பினா, அறுந்து திரும்ப ஆரம்பிக்கும்போது அது புது லிங்க்காயிடும், எல்லாரும் பழசையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.